வாய்க்காலில் சாணி கரைத்த நாள்

எழுபதுகளில் பாலக்காட்டுக்குக் கிழக்கே எனக்கு ஒன்றரை ஏக்கர் நெல்வயல் இருந்தது. நான்கு நாளுக்கு ஒரு தடவை வாய்க்கால் தண்ணீர் என் முறைக்கு வரும். அன்று மற்றவர்கள் மடையை அடைத்துவிட வேண்டும். ஒரு வருஷம், கதிர் பால் பிடிக்கிற நேரத்தில், பாதித் தண்ணீர்தான் வந்தது. இப்படியே போனால் எல்லாம் பதராகிவிடும்.

வாய்க்கால் மேல்வயல்காரரின் வரப்பை ஒட்டித்தான் என் வயலுக்கு வரும். அவர் கள்ளுக்கடைப் பக்கமே போகாதவர். யார் வீட்டுப் பாகப்பிரிவினை என்றாலும் அவரைத்தான் சாட்சிக்குக் கூப்பிடுவார்கள். தண்ணீர் குறைவதை அவரிடம் சொன்னேன். "நண்டு வளை தோண்டியிருக்கும்" என்றார். நம்பினேன்.

மறுநாள் ஒரு மாட்டுத் தரகன் என்னை வழியில் நிறுத்தினான். நோஞ்சான் மாட்டுக்கு எண்ணெய் தடவி விற்கிறவன்.

"ஏனுங்கண்ணா, அவரு வரப்புக்கடியில கொழாய் போட்டிருக்காருங்க. வாய்க்கால்ல சாணியக் கரைச்சு உட்டுப் பாருங்க. பச்சைத் தண்ணி எங்க வருதுன்னு தெரிஞ்சு போகும்."

இவனுக்கு இதில் என்ன ஆதாயம்? இவன் விற்ற மாட்டை மேல்வயல்காரர் திருப்பி ஓட்டிவிட்டது எனக்குத் தெரியும். என்னை வைத்துப் பகை தீர்க்கப் பார்க்கிறான் என்று முடிவு செய்தேன். கரைத்தால் அவர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சம் வேறு. அடுத்த முறையும் பாதித் தண்ணீரே வந்தது.

அதற்கடுத்த முறையன்று வாய்க்கால் கரையில் மேல்வயல்காரரோடு நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். தரகன் அங்கேயும் வந்து அதையே சொன்னான்.

"உன்ற வாயில வர்றதுக்குச் சாணியே தேவல" என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

"அதையேதானுங்க நானும் சொல்றேன். என்னைய நம்பாதீங்க, சாணிய நம்புங்க."

அந்தப் பேச்சில் ஓட்டை எதுவும் அகப்படவில்லை. அதனாலேயே எனக்குச் சந்தேகம் கூடியது. ஆனாலும் கரைத்தேன். மேல்வயலின் வரப்போரம் பயிருக்கு நடுவில் தண்ணீர் பச்சையாகக் கிளம்பியது. தோண்டினால் மண்குழாய்.

மேல்வயல்காரர் முகம் மாறவில்லை. "எங்கப்பன் காலத்துக் கொழாயாட்ட இருக்குது. எனக்கே தெரியாதப்பா."

"அவரு சொன்னாச் சரியாத்தானிருக்கும்" என்று தலையாட்டினார்கள்.

குழாயின் வாய்க்குப் பக்கத்தில் அடைப்புக்கு வைத்த வைக்கோல் சுருள் கிடந்தது. மக்காத, மஞ்சள் மாறாத வைக்கோல். நான் பார்த்தேன், அவரும் பார்த்தார். அதைச் சொல்லியிருந்தால், தரகன் பேச்சைக் கேட்டு ஆடுகிறவன் என்று என்னைத்தான் சொல்லியிருப்பார்கள். அந்த வைக்கோலையே குழாயில் திணித்து மேலே சேறு அப்பினேன்.

அன்று தண்ணீர் முழுதாக வந்தது. வயலின் கீழ்ப்பாதியில் கதிர்கள் வெளுத்து நிமிர்ந்து நின்றன. ஒன்றைப் பறித்து நகத்தால் நசுக்கினேன். பால் இல்லை.