மாமா பார்க்காத ஆட்டம்

எனக்குப் பத்து வயதானபோது எங்கள் ஊர்க் காற்பந்துக் கழகம் மேல் பிரிவுக்கு ஏறுவதா இல்லையா என்ற தீர்மான ஆட்டம் வரை வந்துவிட்டது. ஜெர்மனியில் பான் நகரத்துக்கு அருகே ஒரு சிற்றூர் எங்களுடையது. அந்தக் கழகத்தை எங்கள் வீட்டில் உண்மையாக நேசித்தவர் ஒருவர்தான். அம்மாவின் தம்பி, என் மாமா.

மாமா ஊரின் கோடியில் இருந்த அகதிகள் விடுதியில், இன்னும் மூன்று பேருடன் ஓர் அறையில் இருந்தார். வந்து ஆறு வருடம். அவருடைய விண்ணப்பத்துக்கு முடிவு வரவில்லை. வரும்வரை வேலை செய்யவும் அனுமதி இல்லை. அப்பா தொழிற்சாலையில் இரவு வேலை முடித்து வந்து படுப்பார். அம்மா விடியுமுன் எழும்பி அலுவலகங்கள் துடைக்கப் போவார். வேலை செய்து களைத்த இந்த இருவருக்கும் நடுவில், மாமா வேலை இல்லாமல் களைத்துப்போயிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தால் சோபாவின் விளிம்பில் உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

சனிக்கிழமைகளில் மட்டும் அவர் வேறு ஆள். மைதானத்தில் வெள்ளைக் கோடு போடும் வண்டியைத் தள்ளுவது அவர்தான். யாரும் கேட்காமல் அவராகப் போய்ப் பிடித்துக்கொண்ட வேலை அது. ஆட்டம் தொடங்கியதும் என்னைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, யார் ஏன் எந்தப் பக்கம் ஓடுகிறார் என்று காதுக்குள் சொல்லிக்கொண்டே இருப்பார்.

தீர்மான ஆட்டம் பிராங்பேர்ட் பக்கத்தில் ஒரு பொது மைதானத்தில் நடந்தது. காரில் இரண்டு மணி நேரம். எங்கள் ஊர்க்காரர்கள் முன்கூட்டியே போய், வாகனத் தரிப்பிடத்தில் அடுப்பு மூட்டிச் சாப்பிட்டுவிட்டு உள்ளே போவதென்று முடிவு செய்திருந்தார்கள். இறைச்சி வைத்துச் சுருட்டிப் பொரிக்கும் ரோல்ஸ் நாங்கள் கொண்டுவருவோம் என்று மாமா எல்லோருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டார். சுடவேண்டியது அம்மா. வேலையால் வந்த காலோடு எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றபடி, கடிதம் இன்னும் வரவில்லையே, போகத்தான் வேண்டுமா என்று மாமாவிடம் கேட்டார். ஒரு நாள்தானே அக்கா என்றார் மாமா. எந்தக் கடிதம் என்று நான் கேட்கவில்லை. எங்கள் வீட்டில் எப்போதும் ஏதாவதொரு கடிதம் வராமல்தான் இருந்தது.

தரிப்பிடம் முழுக்கப் புகை. ஜெர்மன்காரர்கள் சொசேஜ் வாட்டினார்கள். மாமா மிளகாய்த்தூளும் தயிரும் பூசி ஊறவைத்த கோழிக்கால்களை வாட்டினார். வாசம் பிடித்து வந்தவர்கள் கடித்துவிட்டுக் கண்ணீரோடு பியர் போத்தலைத் தேடினார்கள், பிறகு இன்னொன்று கேட்டார்கள். அம்மாவின் ரோல்ஸ் அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒன்றை மட்டும் நான் மாமாவுக்கென்று சுற்றி என் பையில் வைத்தேன். அப்பா காரின் முன் இருக்கையில் வாயைத் திறந்தபடி நித்திரை.

ஆட்டத்துக்கு நேரமானதும் மாமா கரியின் மேல் ஒரு போத்தல் தண்ணீரை ஊற்றினார். அப்பாவை எழுப்பினோம். எல்லோரும் வரிசையில் நின்றோம். போன தடவை இரண்டு பக்கத்து ரசிகர்களும் தங்களுக்குள் அடிபட்டிருந்ததால் வாசலில் காவலர்கள் நின்று சிலருடைய அடையாள அட்டைகளை வாங்கிப் பார்த்தார்கள். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர் இருக்கும்போது மாமா நின்றுவிட்டார்.

"அடுப்பு இன்னும் அணையேல்லை. நீங்கள் போங்கோ. நான் பாத்துக்கொண்டு நிக்கிறன்."

அப்பாவும் அம்மாவும் உடனே தலையாட்டிவிட்டு வரிசையில் முன்னே நகர்ந்தது எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"பொய். நீங்கள் தண்ணி ஊத்தினதை நான் கண்டனான்," என்று அவர் கையைப் பிடித்து இழுத்தேன். கோபத்தில் அதையே ஜெர்மன் மொழியிலும் சத்தமாகச் சொன்னேன். ஒரு காவலர் திரும்பி எங்களிடம் வந்தார். என் உயரத்துக்குக் குனிந்து என்ன பிரச்சினை என்று கேட்டார். மாமா ஆட்டம் பார்க்க வரமாட்டேன் என்கிறார் என்று முறையிட்டேன். அவர் சிரித்துக்கொண்டு, பிள்ளையை ஏமாற்றலாமா, வாருங்கள் என்று மாமாவை அழைத்தார். அம்மா என் தோளைப் பிடித்த பிடியில் நகம் பதிந்தது. மாமாவும் சிரித்தார். தனக்குத் தெரிந்த ஜெர்மனில் "நெருப்பு, நெருப்பு" என்று தரிப்பிடத்தைக் காட்டிவிட்டு, வேகமாக அல்ல, மிக மெதுவாக நடந்து போனார்.

கடைசி நிமிடத்தில் அடித்த கோலால் எங்கள் கழகம் வென்றது. பக்கத்து இருக்கை வெறுமையாக இருந்ததால் எனக்கு அந்தக் கோல் எப்படி வந்ததென்றே விளங்கவில்லை. கூட்டத்துக்கு முன்னால் ஓடிவந்தேன். மாமா கார் அருகே நின்றார்.

"ஆர் வெண்டது, பிள்ளை?"

"நாங்கள் தோத்திட்டம்," என்றேன். அவரை நோகடிக்க வேண்டும் போலிருந்தது.

அவர் தலையாட்டிவிட்டுக் காரின் பின்பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். "பரவாயில்லை. வீட்டை போவம்," என்றார். பாட்டுப் பாடிக்கொண்டு எங்கள் ஊர்க்காரர்கள் வந்த பிறகுதான் அவருக்கு உண்மை தெரிந்தது. என்னை ஏசவில்லை. முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். வெற்றியில் அழுகிறார் என்று நினைத்தேன்.

மாமா போன்றவர்கள் அனுமதிக் கடிதம் இல்லாமல் தங்கள் மாவட்டத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்பதும், பிடிபட்டால் அது அவர்களுடைய கோப்பில் ஏறும் என்பதும் எனக்குத் தெரிந்தபோது எனக்குப் பத்தொன்பது வயது. அவருக்கு மொழிபெயர்க்க அலுவலகத்துக்குக் கூடப்போன ஒரு நாளில், அதிகாரி சாதாரணமாகச் சொன்ன ஒரு வசனம் அது. நான் அதை மாமாவுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கி, பாதியில் நிறுத்தினேன்.

ஆட்டத்தன்று திரும்பும்போது அவர் பின் இருக்கையில் என் பக்கத்தில், போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு படுத்திருந்தார். அவர் படுக்கட்டும், பேச்சுக் கொடுக்காதே என்று அம்மா சொல்லியிருந்தார். நெடுஞ்சாலையிலிருந்து எங்கள் ஊர்ப் பாதைக்குக் கார் இறங்கியதும் அவர் எழும்பி உட்கார்ந்து யன்னலைத் திறந்தார். பொய் சொன்னதற்கு ஈடாகப் பையிலிருந்த ரோல்ஸை நீட்டினேன். பாதியைப் பிய்த்து எனக்குத் தந்தார்.

"நல்லா நித்திரை கொண்டீங்களோ?" என்று கேட்டேன்.

"ஓம் பிள்ளை. நல்ல நித்திரை."

பிறகு ஏன் அவர் முகம் அவ்வளவு களைத்திருந்தது என்று எனக்கு விளங்கவில்லை. ஆட்டம் பார்த்தது நாங்கள்தானே.