மாமனார் வண்டியில் ஒரு குருவி

எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. சைக்கிளிலேயே முக்குத் திரும்புவதென்றால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற ஆள் நான். அப்படிப்பட்டவன் தொண்ணூறுகளின் நடுவில் ஒரு பிக்கப் வண்டிக்குக் கருவி கண்டுபிடித்தேன் என்றால், அதற்கு என் அறிவு காரணமில்லை. தலை தீபாவளி அதிரசம்தான் காரணம்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆய்வக உதவியாளர் வேலை எனக்கு. கண்ணாடிகளைத் துடைத்து வைப்பது, பையன்கள் கருக்கிவிட்ட வயர்களை மாற்றுவது, காந்தங்கள் களவு போகாமல் காப்பது, இவ்வளவுதான் உத்தியோகம். ஆனால் ராஜபாளையத்தில் மாமனார் வீட்டில் என்னை 'கரண்டு படிச்ச மாப்பிள்ளை' என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். நான் மறுத்ததில்லை. தானாக வந்த மரியாதையை எதற்குத் திருப்பி அனுப்ப வேண்டும்?

மாமனாருக்கு நைட்டி வியாபாரம். தளவாய்புரத்தில் தைப்பவர்களிடம் வாங்கி, ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் கடைகளுக்குப் போடுவார். முதலில் சைக்கிள் கேரியர். பிறகு மொபெட்; மூட்டைகளுக்கு நடுவே அவர் தலை மட்டும் தெரியும். ஐம்பது வயதுக்குமேல் ஓட்டப் பழகி, பழைய பிக்கப் ஒன்றை வாங்கினார். அந்த வண்டியை அவர் துடைக்கிற மாதிரி என் மாமியார் சாமி படத்தைக்கூடத் துடைத்ததில்லை.

தலை தீபாவளிக்குப் போயிருந்தபோது மாமியார் ஒரு கவலையைச் சொன்னார். வண்டியின் பின்னால் பிரேக் விளக்கு எரியவில்லையாம். பின்னால் வந்த லாரிக்காரர் முட்டுகிற அளவுக்கு வந்து நிறுத்தி, வாயில் வந்ததையெல்லாம் பேசிவிட்டாராம்.

"முன்னாடி உக்காந்து ஓட்டுறவுகளுக்குப் பின்னாடி வெளக்கு எரியுதா இல்லையான்னு எப்படித் தெரியும் மாப்பிள்ளை?" என்றார்.

வாயில் இரண்டாவது அதிரசம். புது வேட்டி, விரலில் புது மோதிரம். அந்த மிதப்பில் சொல்லிவிட்டேன்: "பல்பு போனா சத்தம் குடுக்கிற மாதிரி ஒரு பெட்டி செஞ்சுரலாம் அத்தை."

செய்தும் விட்டேன். சங்கதி எளிது. பிரேக்கை மிதித்தால் பின்விளக்குகளுக்குக் கரண்டு போகும். அதை வழியில் ஒரு கம்பிச்சுருளுக்குள் விட்டு எடுத்தேன். இரண்டு பல்புக்குமான கரண்டு முழுசாகப் போனால் பெட்டி வாயை மூடிக்கொண்டிருக்கும். ஒரு பல்பு போய்க் கரண்டு குறைந்தால் கத்தும். கத்துவதற்கு, அப்போது வீட்டுக்கு வீடு மாட்டிக்கொண்டிருந்த குருவிச் சத்த காலிங் பெல் ஒன்றைப் பிரித்து உள்ளே வைத்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் பெடல்களுக்கு இடது பக்கமாகத் திருகி மாட்டினேன். ஒரு பல்பைக் கழற்றிவிட்டுப் பிரேக்கை மிதித்துக் காட்டினேன். கீச்சுக் கீச்சென்றது. தெருவே கைதட்டியது. மாமனார் எல்லோருக்கும் காப்பி சொன்னார்.

அதற்கடுத்த வாரங்களில் நான் போகும்போதெல்லாம் மாமியார், "குருவி நல்லாக் கத்துது மாப்பிள்ளை" என்பார். "ரொம்ப நல்லாக் கத்துது. நாள் பூராக் கத்துது." பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். என் மனைவிதான் ஒருநாள் உடைத்துச் சொன்னாள்.

"என்னங்க, உங்க பெட்டி கூறுகெட்டுப் போயிக் கத்திக்கிட்டுக் கெடக்கு. பல்பு ரெண்டும் நல்லாத்தான் எரியுது. மாப்பிள்ளை செஞ்ச சாமானக் குத்தம் சொல்லக்கூடாதுன்னு அப்பாவும் அம்மாவும் வாய மூடிக்கிட்டு இருக்காக."

மாமனார் என்ன செய்தார் என்று கேட்டபோது எனக்கே பாவமாக இருந்தது. கருவி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று, கத்துகிற ஒவ்வொரு தடவையும் வண்டியை ஓரங்கட்டுவார். சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே ஒரு தென்னை மட்டையை முட்டுக் கொடுப்பார். இறங்கிப் பின்னால் போய்ப் பார்ப்பார். இரண்டும் எரியும். திரும்பி வந்து மட்டையை எடுத்துவிட்டுக் கிளம்புவார். அடுத்த பாலத்தில் மறுபடியும் கீச்சுக் கீச்.

"கழத்திப் போட்டுறச் சொல்லேன்" என்றேன்.

"நீங்க மாட்டினத அவிய கழத்துவாகளா? நல்லாச் சொன்னீக."

இதில் சும்மா இருந்துவிட முடியாத ஒரு விஷயமும் இருந்தது. புனலூரில் ஒரு கடைக்காரர் மொத்தமாக நைட்டி கேட்டிருந்தார். செங்கோட்டை தாண்டி, மலை ஏறி இறங்கி, அந்த லோடைத் தானே ஓட்டிக்கொண்டு போய்ப் போட வேண்டும் என்று மாமனாருக்குக் கொள்ளை ஆசை. "மலைரோட்டுல நம்ம வண்டி" என்று சொல்லும்போதே முகம் சிறுபிள்ளை மாதிரி ஆகிவிடும். மாமியார் ஒரே பேச்சில் நிறுத்திவிட்டார்: "வண்டியில ஏதோ கோளாறு இருக்கப்போயித்தான் குருவி கத்துது. அது வாய அடைக்காம மலையில ஏறப்படாது." குருவி என்னுடையது. வாயை அடைக்க வேண்டியவனும் நான்தான்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பஸ் ஏறிப் போனேன். பல்புகளை மாற்றினேன். ஹோல்டரை உப்புத்தாளால் தேய்த்தேன். எர்த் வயர் புதிதாக இழுத்தேன். வாசலில் நிற்கிற வண்டியில் ஏறி, பிரேக்கை ஓங்கி மிதித்து மிதித்துப் பார்த்தேன். குருவி ஊமையாக இருந்தது. சரியாகிவிட்டது என்று அறிவித்துவிட்டு ஆட்டுக்கறிக் குழம்புச் சாப்பாட்டில் உட்காருவேன். திங்கட்கிழமை காலையில் தளவாய்புரம் ரோட்டில் அது கத்த ஆரம்பிக்கும்.

"குழம்புக்காகத்தான் ரிப்பேரை மிச்சம் வைக்கீக" என்றாள் மனைவி. முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது.

வண்டி ஓடும்போது நான் ஒரு தடவைகூட அதில் இருந்ததில்லை என்பதுதான் கோளாறே. வீட்டு மாப்பிள்ளையை லோடு வண்டியில் ஏற்றுவதா? மாமனார் ஸ்ரீவில்லிபுத்தூருக்கே லோடு கொண்டுபோகிற நாளில்கூட என்னைத் தனியாகப் பஸ் ஏற்றிவிட்டு, அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வண்டியில் வருவார். ஒரு ஞாயிறு சாயங்காலம் நான் பிடிவாதமாக முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். மாமியார் மனசு கேட்காமல், துவைத்த போர்வையை மடித்து எனக்கு அடியில் போட்டார்.

ஊர் எல்லை தாண்டியதும் குருவி கத்தியது. நான் சட்டென்று குனிந்து டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தேன். கத்தல் நின்றது.

"என்ன மாப்பிள்ளை, எதுவும் கீழ விழுந்துட்டா?"

"பெட்டியப் பாக்கேன் மாமா."

"ஐயையே, எங்காலுகிட்டப் போயித் தலையக் குடுக்கீகளே! எந்திரிங்க, எந்திரிங்க."

எழுந்து உட்கார்ந்தேன். செத்த நேரம் கழித்துக் கீச்சுக் கீச். குனிந்தேன். நின்றது. நிமிர்ந்தேன், கத்தியது. நான் பார்த்தால் அடங்குகிறது என்றால், செய்தவன்மேல் அதற்கு ஒரு பயம் இருக்கிறது போல என்று சத்தியமாக நினைத்தேன். ஆய்வகத்தில் வேலை பார்க்கிறவன் நினைக்கிற நினைப்பு இது.

அடுத்த தடவை தலையைக் குனியாமல் கண்ணை மட்டும் கீழே விட்டேன். மாமனாரின் இடது கால், கிளட்சை விட்டதும் நேராகப் போய்ப் பிரேக் பெடல்மேல் உட்கார்ந்தது. அழுத்தவில்லை. ரப்பர் செருப்போடு, பூனை மடியில் படுத்த மாதிரி சும்மா கிடந்தது. வலது கால் பாட்டுக்கு ஆக்சிலேட்டரில். மொபெட் ஓட்டின காலத்தில் பிரேக் பிடிமேல் எப்போதும் இரண்டு விரலை வைத்தே ஓட்டுவாராம். விரலுக்கிருந்த பயம் காலுக்கு இறங்கியிருந்தது. பெடல் அரைகுறையாக இறங்கினால் அதோடு சேர்ந்த விளக்கு ஸ்விட்ச் அரைகுறையாகத் தொடும், கரண்டு அரைகுறையாகப் போகும், பல்பு போய்விட்டதென்று என் மேதாவிக் குருவி கத்தும். நான் குனியும்போதெல்லாம், மாப்பிள்ளை தலையில் கால் பட்டுவிடக்கூடாதென்று அவர் மரியாதையாகக் காலை இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார். அதனால்தான் அடங்கியது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் கடை வாசலில் வண்டி நின்றதும், அவர் மூட்டை இறக்குகிற நேரம் பார்த்து நான் ஸ்பானரை எடுத்தேன். ஸ்விட்சை ஒரு நூல் தள்ளி முறுக்கினால் போதும். சும்மா கிடக்கிற காலுக்குக் குருவி வாயைத் திறக்காது. மாமனார் மலையேறலாம், என் மானமும் தப்பும். நட்டில் ஸ்பானரை வைத்துவிட்டேன். அப்போதுதான் ஒரு தீய்ந்த வாடை. இறங்கி முன்சக்கரத்தின் பிரேக் டிரம்மைத் தொட்டுப் பார்த்தேன். விரல் பொத்துப்போனது. பிரேக் லைனிங் அடிக்கடி தேய்கிறது, கடைக்காரன் மட்டமான சாமான் போடுகிறான் என்று அவர் புலம்பிக்கொண்டிருந்தது ஞாபகம் வந்தது. சும்மா கிடந்த கால் வழியெல்லாம் பிரேக்கை உரசவிட்டிருக்கிறது. தட்டையான ரோட்டிலேயே இம்புட்டுச் சூடு. லோடோடு மலை இறங்கும்போது இப்படிக் காய்ந்தால், நிஜமாகவே மிதிக்க வேண்டிய வளைவில் பிரேக் பிடிக்குமா? ஸ்பானரைப் பையில் போட்டேன்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அவள் முகம் மாறிவிட்டது. ஆனால் வாய் மாறவில்லை.

"எங்கப்பாகிட்டப் போயி, உங்களுக்கு வண்டி ஓட்டத் தெரியலன்னு சொல்லப்போறீகளா? சைக்கிள்ல முக்குத் திரும்ப இறங்குற ஆளு நீங்க."

"பொறவு என்னதான் செய்ய?"

"அவிய மனசு நோகாமச் சொல்லுங்க. கேக்க மாட்டாகன்னா, உங்க மனசு நோகுற மாதிரிச் சொல்லுங்க. மாப்பிள்ளை மனசு நோகுறத அவிய தாங்க மாட்டாக."

அதுதான் வழி. அடுத்த ஞாயிறு, குழம்பு வருவதற்கு முன்னாலேயே, முகத்தை எவ்வளவு தொங்கப்போட முடியுமோ அவ்வளவு தொங்கப்போட்டுக்கொண்டு மாமனார் முன்னால் நின்றேன்.

"மாமா, பெட்டியில ஒரு பிசகு விட்டுட்டேன். பிரேக் மேல கால் சும்மா பட்டாலே கத்திருது. சரிபண்ண எனக்குத் தெரியல. பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா மானக்கேடு."

மாமனார் பதறி எழுந்துவிட்டார். "இதுக்குப் போயா மாப்பிள்ளை வெசனப்படுதீக? கால் பட்டாத்தானே கத்துது? படாம வச்சுக்கிட்டாப் போச்சு! இனி அந்தப் பக்கமே போவாது. உங்களுக்காக ஒரு கால ஒதுக்கி வைக்க மாட்டமா?"

சொன்னபடி செய்தார். பழகின காலல்லவா, முதலில் தன்பாட்டுக்குப் போய் உட்கார்ந்துவிடும். கீச்சென்றதும் தீயை மிதித்த மாதிரி இழுத்துக்கொண்டு, நான் வண்டியிலேயே இல்லாத நாளில்கூட, "மன்னிச்சிருங்க மாப்பிள்ளை" என்பாராம். மாமியார் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். வரவர மன்னிப்புக் குறைந்தது. பிறகு கீச்சுச் சத்தமே இல்லை. மலைக்கு உத்தரவு கிடைத்தது, ஒரு நிபந்தனையோடு: "மாப்பிள்ளையும் போவட்டும். குருவிக்கு ஏதாச்சும்னா அவுக பாத்துக்கிடுவாக."

செங்கோட்டை தாண்டி ஏறும்போது மாமனார் ஒவ்வொரு வளைவுக்கும் ஹாரன் அடித்தார். ஆரியங்காவு தாண்டி இறக்கம். கியரைக் குறைத்துப் போட்டு, வளைவு வரும்போது மட்டும் பிரேக்கை அழுத்தமாக மிதித்து, உடனே விட்டார். இடது கால் கிளட்சுக்குப் பக்கத்தில், பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி அடக்கமாக உட்கார்ந்திருந்தது. நான்தான் என் பக்கத்தில் இல்லாத பிரேக்கையெல்லாம் மிதித்துக்கொண்டு வந்தேன். இறக்கம் முடிந்து புனலூரில் நிறுத்தியதும் முதல் வேலையாக டிரம்மைத் தொட்டேன். வெதுவெதுப்பு, அவ்வளவுதான்.

"லைனிங் இந்தத் தடவை நல்ல சாமானாப் போட்டுருக்கான்" என்றார் மாமனார்.

மூட்டை இறக்க வந்த கடைக்காரர், டாஷ்போர்டுக்கு அடியில் தொங்குவது என்ன என்று கேட்டார். மாமனார் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டார்.

"எங்க மாப்பிள்ளை செஞ்சது. கரண்டு படிச்சவுக. இதுல மட்டும் ஒரு சின்னப் பிசகு விட்டுட்டாக. அதுக்கென்ன, நம்ம வீட்டு மாப்பிள்ளை! கால ஒதுக்கி வச்சு நாமதான் அனுசரிச்சு ஓட்டணும்."

கடைக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நான் மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சொன்னேன்: "ஆமாங்க, அந்தப் பாடம் நடத்துன அன்னிக்கு மட்டும் நான் லீவு."