பூனைக்கும் நாய்க்கும் ஒரே குளிசை

எங்கள் பூனையின் வயிற்றில் மயிர் இல்லை என்பதை முதலில் கண்டவன் என் தம்பி. கட்டாரிலிருந்து விடுமுறைக்கு வந்தவன், குசினி வாசலில் படுத்திருந்த பூனையைத் தூக்கித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ராத்தா, இதென்ன, வயித்தச் சிரைச்சு உட்டிரிக்கீங்களா?" என்று கேட்டான்.

நான் வீட்டிலிருந்தே கேக் செய்து விற்பவள். முட்டை அடிக்கிற நேரத்தில் பூனையின் வயிற்றைப் பார்க்க எனக்குத் தோன்றியதில்லை. அன்று பார்த்தேன். இரண்டு பின்னங்கால்களுக்கும் இடையில் உள்ளங்கை அகலத்துக்குத் தோல் வெறுமையாக, இளஞ்சிவப்பாக இருந்தது. புண் இல்லை. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது தலையைக் குனிந்து அந்த இடத்தை நக்கத் தொடங்கியது. நக்கியது என்பதைவிட, பல்லால் மயிரைப் பிடித்து இழுத்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்தப் பூனைக்கு நாங்கள் பெயர் வைக்கவில்லை. "வா புள்ள" என்றால் வரும். என் மகளை அப்படிக் கூப்பிட்டாலும் அதுதான் முதலில் வரும். அப்படிப்பட்டது சில வாரங்களாக அல்மாரிக்கு மேலேயே கிடந்தது. மருதமுனையில் வீடுகள் ஒன்றையொன்று ஒட்டித்தான் இருக்கும். எங்கள் மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு மாடி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. காலையில் கொங்கிரீட் கலக்கும் மெஷின், பகலில் டைல் வெட்டும் மெஷின். அந்தச் சத்தத்தில் எனக்கே பல் கூசும். பூனை பயந்துபோய்விட்டது என்று நானும் என் கணவரும் முடிவு செய்தோம்.

தம்பியிடம் அதற்கு மருந்து இருந்தது. அவனுக்கு அங்கே இரவு வேலை. பகலில் தூங்குவதற்காக மெலடோனின் குளிசை போடுவான். அவனோடு வேலை செய்கிற ஒருவர், பட்டாசு வெடிக்கிற நாட்களில் தன் ஊரிலுள்ள நாய்க்கும் அதையே கொடுக்கச் சொல்வாராம். குளிசையோடு, தனக்குத் திங்கச் சுலபம் என்று ஜெலி இனிப்பு வடிவத்திலும் ஒரு போத்தல் வாங்கி வந்திருந்தான்.

"மனிசன்ட மருந்த எப்படி மிருகத்துக்குக் குடுக்கிற?" என்று கேட்டேன்.

"இது மருந்தில்ல ராத்தா. இருட்டுப் பட்டா நம்மட மூளை தானாச் சுரக்கிற சாமான். பூனைக்கும் சுரக்குமாம், மாட்டுக்கும் சுரக்குமாம்."

எனக்கு அது பெரிய புதினமாக இருந்தது. உலகத்தில் இருட்டுகிறபோது எல்லா உயிருக்கும் உள்ளேயும் ஒன்று இருட்டுகிறது. அப்படியானால் இரவில்தானே பூனை எலி பிடிக்கப் போகிறது? நம்மைத் தூங்க வைக்கிற அதே பொருள் அதை ஏன் தூங்க வைப்பதில்லை? தம்பியிடம் கேட்டேன். "உங்களுக்குக் கேக்கிற கேள்வி மட்டும் முடியாது" என்று சொல்லிவிட்டு அவன் தேத்தண்ணி குடிக்கப் போனான்.

ஜெலிப் போத்தலில் ஜெலட்டின் என்று எழுதியிருந்தது. எந்த மிருகத்தின் ஜெலட்டின் என்று எழுதியிருக்கவில்லை. புடிங் செய்கிறவளுக்கு இதெல்லாம் கண்ணில் படாமல் போகாது. போத்தலின் பின்பக்கத்தைப் போனில் படம் எடுத்து, கேக் செய்யும் பெண்களின் குழுவுக்கு அனுப்பிக் கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை.

"பூனைக்கென்ன ஹலால் ஹறாம்?" என்று என் கணவர் சிரித்தார்.

"பூனைக்கு இல்ல. ஊட்டுறது நானெல்லோ" என்றேன்.

ஆனால் வீணாக்கவும் மனம் வரவில்லை. எனக்கு முட்டை தருகிற தோழி ஒருத்தி பக்கத்து ஊரான பாண்டிருப்பில் இருக்கிறாள். அவளுடைய கணவர் கடலுக்குப் போகிறவர். அவள் வீட்டில் கோழிகளும், கோழிகளைக் காக்க ஒரு செம்மண் நிற நாயும் இருந்தன. பாம்புக்கும் கீரிக்கும் அஞ்சாத அந்த நாய், இடி முழங்கினால் கதவைக் கடித்து உடைக்கும். போன மாரியில் மதில் பாய்ந்து பெருந்தெருவரைக்கும் ஓடி, மோட்டார் சைக்கிள் ஒன்றில் அடிபட்டு நொண்டிக்கொண்டு வந்தது. அவர்கள் இந்துக்கள், ஜெலட்டின் அவளுக்குப் பிரச்சினை இல்லை. முட்டை வாங்கப் போனபோது போத்தலைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பூனையை மட்டும் ஒரு கூடையில் வைத்து மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். அங்கே எனக்கு முன்னால் இரண்டு ஆடுகளும் ஒரு கன்றுக்குட்டியும் நின்றன. டொக்டர் ஓர் இளம் பெண். பூனையின் தோலை வெளிச்சத்தில் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். தெள்ளுப் பூச்சி இல்லை, படை இல்லை. "இது தானே நக்கிப் பிடுங்கினது. மனசுக்குள்ள ஏதோ நெருக்கடி" என்றார். பூனைக்கு மனசு என்று ஒரு டொக்டர் சொல்லக் கேட்டது எனக்குப் பிடித்திருந்தது.

தம்பியின் குளிசைப் போத்தலை நீட்டினேன். அவர் அதைத் திருப்பி நிதானமாகப் படித்தார்.

"இதில வேற ஒண்டும் கலக்கல்ல, நல்லது. இடிச் சத்தத்துக்குப் பயப்படுற நாய்களுக்குச் சில டொக்டர்மார் குடுக்கிறவங்க. பூனையில எவ்வளவு சரிவரும் எண்டு உறுதியாச் சொல்லேலா. நிறைக்கு ஏத்த மாதிரிக் கொஞ்சமாக் குடுத்துப் பார்க்கலாம். தூங்கி விழும், அவ்வளவுதான். ஆனா இது பயத்தின்ட காரணத்த எடுக்காது."

நான் என் கேள்வியைக் கேட்டேன், இரவில் விழித்திருக்கிற மிருகத்தைப் பற்றிய அந்தக் கேள்வியை. அவர் பேனையைக் கீழே வைத்தார்.

"எல்லாருக்கும் போற செய்தி ஒண்டுதான், 'இருட்டிட்டு' எண்டு. அதக் கேட்டு நாம படுப்பம். எலி எழும்பும். செய்தி ஒண்டு, செய்யிற வேலை வேற."

ஜெலி இனிப்பைத் தோழியின் நாய்க்குக் கொடுத்ததையும் சும்மாதான் சொன்னேன். அவர் முகம் மாறியது. போனிலிருந்த படத்தைக் காட்டச் சொன்னார், விரலால் பெருப்பித்துப் பார்த்தார். "சைலிட்டோல் போட்டிரிக்கி. சீனிக்குப் பதிலாப் போடுற இனிப்பு. மனிசருக்கு ஒண்டும் செய்யாது, நாய்க்கு நஞ்சு. உடம்பில சீனி திடீரெண்டு இறங்கிரும், ஈரலையும் தாக்கும். அந்த நாய்க்குக் குடுத்திட்டாங்களா?"

ஜெலட்டினைத் தேடித் தேடிப் படித்தவள் நான். அதே சிட்டையில் இரண்டு வரி கீழே இருந்த சொல் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. தோழிக்குப் போன் அடித்தேன், எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். கூடையோடு ஓட்டோவில் ஏறி நேரே பாண்டிருப்புக்கு விடச் சொன்னேன். வழியெல்லாம் பூனை கத்தியது. வானத்தைப் பார்த்துக்கொண்டே போனேன். அன்று காலையில் எங்கோ இடி கேட்டது போல இருந்தது, கேட்டதா, டைல் மெஷினா என்று நினைவுக்கு வரவில்லை.

அவள் கிணற்றடியில் உடுப்புத் துவைத்துக்கொண்டிருந்தாள். நாய் முற்றத்தில் எழுந்து நின்று என்னைப் பார்த்துக் குரைத்தது. அந்தக் குரைப்பு அவ்வளவு நிம்மதியாக என் காதில் விழும் என்று நான் ஒருநாளும் நினைத்ததில்லை.

"என்ன புள்ள, முகமெல்லாம் வேர்த்திரிக்கி?"

"அந்த ஜெலியக் குடுத்தியா?"

"இல்ல. இடி இடிக்கட்டும் எண்டு வச்சிரிக்கன். ஏன்?"

விஷயத்தைச் சொன்னேன். அவள் உள்ளே போய்ப் போத்தலை எடுத்து வந்தாள். மூடி திறபடவே இல்லை. அதைப் பிறகு குழி தோண்டிப் புதைத்தோம், கோழி கிளறாத ஆழத்தில். "நீ வேணுமெண்டு தரல்லயே" என்று அவள் சொன்னாள். அடுத்த நாளே அவளுடைய கணவர் நாயைக் கரைக்குக் கூட்டிப்போய், மீன் நிறுக்கிற தராசில் ஒரு சாக்கோடு தூக்கி நிறுத்து வந்தார். டொக்டர் அந்த நிறைக்கு அளவு சொன்னார். தம்பி தன் குளிசையில் பாதியை இவர்களுக்குக் கொடுத்தான்.

பூனைக்குக் குளிசை கொடுப்பது லேசாக இருக்கவில்லை. தூளாக்கி அவித்த சூரை மீனில் பிசைந்தேன், மணந்து பார்த்துவிட்டுப் போய்விட்டது. கடைசியில் பட்டரில் குழைத்து அதன் முன்னங்காலில் பூசினேன். பூனைக்குக் கால் அழுக்காக இருக்கப் பொறுக்காது. முழுவதையும் நக்கித் துடைத்தது. கொஞ்ச நேரத்தில் வெறும் கேக் பெட்டி ஒன்றுக்குள் ஏறிப் படுத்துத் தூங்கியது. பக்கத்தில் டைல் வெட்டிக்கொண்டிருந்தார்கள், அது காதைக்கூட அசைக்கவில்லை. நானும் கணவரும் வேலை முடிந்தது என்று சந்தோஷப்பட்டோம்.

ஆனால் தூங்கி எழுந்ததும் அது முதலில் செய்தது வயிற்றை நக்கியதுதான். சில நாட்கள் கொடுத்துப் பார்த்தேன். தூக்கம் கூடியது, மயிர் முளைக்கவில்லை. இது காரணத்தை எடுக்காது என்று டொக்டர் சொன்னது நினைவுக்கு வந்தது. அப்படியானால் காரணம் எது?

ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காக வேலைக்காரர்கள் வரவில்லை. மதிலுக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. நான் கேக்குக்குக் கிறீம் பூசிக்கொண்டிருந்தேன். பூனை அல்மாரியிலிருந்து இறங்கி வந்து ஜன்னலுக்கு நேரே உட்கார்ந்தது. உடனே உடம்பு சிறுத்தது. காது பின்னால் மடிந்தது. ஓடிப்போய் மேசைக்குக் கீழே நின்று வயிற்றைப் பிடுங்கத் தொடங்கியது. சத்தமே இல்லாத வீட்டில் இது எதற்குப் பயப்படுகிறது?

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மதிலும் அடுக்கிய சீமெந்துப் பைகளும்தான் தெரிந்தன. பூனை இருந்த இடத்திலிருந்து பார்த்தால் என்ன தெரியும் என்று ஒரு யோசனை வந்தது. கத்தியை வைத்துவிட்டுத் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைச் சீமெந்தில் வைத்து ஜன்னல் கம்பிக்குள்ளால் மேலே பார்த்தேன். பைகளுக்கும் புது வீட்டின் பூசாத சுவருக்கும் நடுவில் ஓர் இடைவெளி இருந்தது. அதற்குள்ளே ஒரு பெரிய மஞ்சள் கடுவன் பூனை உட்கார்ந்திருந்தது. ஒரு காது கிழிந்திருந்தது. கண் சிமிட்டாமல் எங்கள் வீட்டுக்குள் பார்த்துக்கொண்டிருந்தது. இப்போது என்னைப் பார்த்தது.

பள்ளிவாசலுக்குப் போகத் தொப்பியோடு வந்த என் கணவர் வாசலில் நின்றார். "என்ன, விழுந்திட்டியா?"

"இல்ல. இங்க வந்து படுத்துப் பாருங்க."

"உடுப்பு ஊத்தையாகிரும்" என்றார். பிறகு சாரனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு படுத்தும் பார்த்தார். "இவன் எப்பயிருந்து இங்க இரிக்கான்?" என்று மெதுவாகக் கேட்டார், கடுவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பது போல. பாதி கட்டிய வீட்டைத் தன் வீடாக்கிக்கொண்டது அது. எங்கள் பூனைக்கு அதன் முற்றமும் மதிலும் பறிபோயிருந்தன. நாங்கள் மெஷினைக் குறை சொல்லிக்கொண்டிருந்தோம்.

கேக் பெட்டி அட்டைகளை வெட்டி ஜன்னலின் கீழ்ப்பாதியை மறைத்தோம். பக்கத்து வீட்டு மேசனிடம் சொல்லி அந்த இடைவெளியை அடைத்தோம். டொக்டர் குளிசையை நிறுத்தச் சொன்னார். மயிர் வரக் காலம் எடுத்தது. முதலில் பஞ்சு போல வெள்ளையாக, பிறகு அதன் சொந்த நிறத்தில் வந்தது.

நாயின் கதை வேறு மாதிரி. முதல் தடவை தோழி குளிசை கொடுத்தது இடி தொடங்கிய பிறகு. பலன் இல்லை, கதவில் இன்னொரு பலகை போனது. முகில் கறுக்கும்போதே கொடுக்க வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அடுத்த மழை வந்த பின்னேரம் நான் முட்டை வாங்க அங்கே போயிருந்தேன். மேற்கே வயல் பக்கம் வானம் இருண்டுகொண்டு வந்தது. அவள் குளிசையை மீன் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தாள், ஜன்னல்களுக்குச் சீலை போட்டாள், வானொலியைச் சத்தமாக வைத்தாள். "மழை வரப்போகுது, விட்ட பிறகு போகலாம், இரி" என்றாள். நான் போக நினைக்கவும் இல்லை. என்ன நடக்கும் என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

இதைச் சொல்ல வேண்டும்: நான் அதுவரை எந்த நாயின் பக்கத்திலும் இருந்ததில்லை. எங்கள் வீடுகளில் நாய் வளர்ப்பதில்லை. எங்கள் மார்க்கப்படி ஈரமான நாய் பட்டால் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண் கரைத்த தண்ணீரால். அதனால் கதிரையில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன்.

முதல் இடி விழுந்தது. முற்றத்தில் நனைந்துகொண்டு நின்ற நாய் உள்ளே வந்தது. நடுங்கியது, மூச்சு வாங்கியது. ஆனால் கதவுப் பக்கம் போகவில்லை. அறையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு என் கதிரைக்குக் கீழே நுழைந்து படுத்தது. எனக்குக் கால் மரத்துப்போயிருந்தது. மெல்ல இறக்கினேன். அடுத்த இடிக்கு அது தன் முதுகை என் கால்களோடு ஒட்டி வைத்தது. அதன் நடுக்கம் என் முழங்கால்வரை ஏறியது. காலை எடுக்கலாம், எடுத்தால் அது எழுந்து ஓடும். எடுக்காமல் இருந்தேன். நடுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவதைத் தோலால் அறிந்தேன். பிறகு மூச்சு நீண்டது. அது தூங்கிவிட்டது.

குளிசையா, சீலையா, வானொலியா, என் காலா? பிறகு டொக்டரிடமும் கேட்டேன். "பிரிச்சுச் சொல்லேலா. எல்லாத்தையும் சேர்த்தே செய்யுங்க" என்றார்.

மழை குறைந்ததும் தோழி எழுந்து பின்பக்கம் போனாள். திரும்பி வரும்போது ஒரு கையில் தண்ணீர் வாளி, மற்றக் கையில் சிரட்டை நிறைய மண்.

"துப்பரவான மண், கோழி போகாத இடத்தில எடுத்தது" என்றாள். நான் அவளிடம் அதைப் பற்றி ஒருநாளும் கதைத்ததில்லை.

வாசற்படியில் நின்று கழுவினேன். அவள் தண்ணீர் ஊற்றினாள், நான் எண்ணினேன். உள்ளே நாய் தூக்கத்தில் ஒரு காலை உதைத்துக்கொண்டது. கோழிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து ஈர மணலைக் கிளறத் தொடங்கின.