வைக்கோல் திணித்த டயரில் முடங்கியாற்றங்கரை வரை

இந்தப் பயணத்துக்கு ஆசை காரணமில்லை, வீம்புதான் காரணம். எனக்கு ஐம்பத்தொரு வயது. எட்டு மாதங்களுக்கு முன் இடது முழங்காலில் ஜவ்வு கிழிந்து அறுவை சிகிச்சை நடந்தது. அன்றிலிருந்து என் கிராவல் சைக்கிள் மதுரை வீட்டின் மாடிப்படிக்குக் கீழே சும்மா கிடந்தது. தடித்த டயரும் வளைந்த ஹேண்டில்பாரும் கொண்ட, மண்பாதைக்கென்றே செய்த சைக்கிள் அது. போன மாதம் ஒருவர் அதை விலைக்குக் கேட்டார். ஜூன் கடைசி ஞாயிறுக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருந்தேன்.

அந்த ஞாயிறன்று எனக்கு நானே ஒரு பரீட்சை வைத்துக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்து வன்னியம்பட்டியில் கிளம்பி, செண்பகத்தோப்புப் பக்கம் போய், மலையடிவாரத்து மாந்தோப்புகள் வழியாகத் தெற்கே இறங்கி, முடங்கியாற்றங்கரையோடு ராஜபாளையம். மொத்தம் நாற்பத்திரண்டு கிலோமீட்டர். என் காலாலேயே முடித்தால் சைக்கிள் என்னோடு இருக்கும். நடுவில் மனைவி கலாவதிக்கு போன் செய்து காரோடு வரச் சொன்னால், அன்றே விற்றுவிடுவேன். அவளும் எனக்கு போன் செய்யக்கூடாது. இதைக் கேட்டு அவள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்கு வந்துவிடுவேன், காரோடு அங்கே வந்துவிடு என்றேன். முந்தைய நாள் வன்னியம்பட்டியில் அவள் சித்தி மகள் வீட்டில் தங்கினோம்.

காலை 5.40க்குக் கிளம்பினேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு டீ, இரண்டு வடை, முப்பத்திரண்டு ரூபாய். பால்கோவாவைப் பற்றி எழுதப்போவதில்லை, அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். 7.10க்குத் தார்ச்சாலை முடிந்தது. அப்போது பதினான்கு கிலோமீட்டர். மலையில் சாரல் இறங்கி, காற்று குளிர்ந்திருந்தது. இதை ரசித்திருக்க வேண்டும். நானோ ஒவ்வொரு மிதிக்கும் முழங்காலைக் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். குறுக்கே வனத்துறை எல்லைக் கற்கள் வரும். அதற்கு அந்தப் பக்கம் அனுமதியில்லாமல் போகக்கூடாது. இந்தப் பக்கமே போதுமான அளவுக்கு மேடும் பள்ளமும் சரளைக்கல்லும் இருக்கின்றன.

தோப்புக்குத் தோப்பு பாதையை மறித்து முள்படல் சாத்தியிருப்பார்கள். காய்ந்த முள்கிளைகளைக் கட்டிய கதவு அது, ஆடு மாடு நுழையாமலிருக்க. திறந்தவர் மறுபடி சாத்திவிட்டுப் போவதுதான் அங்கே வழக்கம். அந்த மரியாதையில் நான் குறை வைக்கவில்லை. ஐந்தாவது படலை இழுத்துத் திறந்தேன், சைக்கிளை உருட்டி அந்தப் பக்கம் கொண்டுபோனேன், திரும்பி வந்து சாத்தினேன். படலை இழுத்த தடத்தில் முள் உதிர்ந்திருக்கும், சைக்கிளைத் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். சோர்வில் எனக்குத் தோன்றவில்லை.

இருநூறு மீட்டரில் முன் டயர் தரையோடு படுத்தது. மணி 9.50, கிலோமீட்டர் 26. என்னுடையது டியூப் இல்லாத டயர். உள்ளே சீலன்ட் என்று பால் போல ஒரு திரவம் இருக்கும், முள் குத்தினால் அதுவே ஓட்டையை அடைத்துக்கொள்ளும். ஆனால் எட்டு மாதம் சும்மா கிடந்ததில் அது காய்ந்து தோலாகிப் போயிருந்தது. பாரம் குறையட்டும் என்று மாற்று டியூபையும் வீட்டிலேயே வைத்துவிட்டு வந்திருந்தேன். கால் பற்றிய கவலையில் சைக்கிளைத் திறந்து பார்க்கவே இல்லை. பம்பு அடித்தேன், காற்று இறங்கியது. மறுபடி அடித்தேன். எத்தனை முறை என்று நினைவில்லை. பிறகு தள்ளிக்கொண்டு நடந்தேன். சைக்கிள் ஓட்டுவதைவிட நடப்பதுதான் என் முழங்காலுக்கு ஆகாது.

மூன்று கிலோமீட்டர் நடப்பதற்குள் 12.15 ஆகிவிட்டது. ஒரு மாந்தோப்பில் தகரக் கொட்டகைக்குக் கீழே ஒரு பெண் உட்கார்ந்து, பிளாஸ்டிக் டிரேக்களில் வைக்கோல் பரப்பிச் சப்பட்டை ரக மாங்காய்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பேச்சியம்மா என்று பெயர். அவரும் கணவர் முத்தையாவும் தோப்பைக் குத்தகைக்கு எடுத்திருக்கிறார்கள். முத்தையா காலைச் சரக்கோடு டவுனுக்குப் போயிருந்தார். எனக்குத் தண்ணீரும் ஒரு பழமும் கொடுத்துவிட்டு, பேச்சியம்மா டயரை அமுக்கிப் பார்த்தார். நான் சீலன்ட் பற்றி விளக்கியதைப் பொறுமையாகக் கேட்டார்.

"காத்துதான நிக்க மாட்டேங்கு? வேற எதையாச்சும் திணிச்சா ஆகாதா?" என்றார்.

நான் யோசிப்பதற்குள் அவர் வைக்கோலைக் கயிறு போலப் புரியாகத் திரிக்க ஆரம்பித்திருந்தார். டயரின் ஒரு பக்க விளிம்பைக் கழற்றி, இருவருமாகப் புரியை உள்ளே வைத்து அமுக்கி அமுக்கி நிரப்பினோம். ஒன்றரை மணி நேரம் பிடித்தது. விரல் நகமெல்லாம் வலித்தது. போனில் சிக்னல் இருந்தது. கலாவதியிடமிருந்து ஒரு அழைப்பும் இல்லை. நான் போட்ட விதியைக் காப்பாற்றுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்கு மணிக்கு லோடு ஆட்டோ வரும், அதில் ஏறிக்கொள்ளுங்கள் என்று பேச்சியம்மா சொன்னார். என் பரீட்சையைப் பற்றிச் சொன்னேன்.

"மாங்காய வண்டில ஏத்தாம விட்டா எங்களுக்கு நட்டம். நீங்க ஏறுனா யாருக்கு அண்ணாச்சி நட்டம்?"

நன்றி சொல்லிவிட்டு 2.00க்குக் கிளம்பினேன்.

வைக்கோல் டயரில் நடைவேகத்தில்தான் போக முடியும். திருப்பத்தில் சைக்கிள் நான் சொன்ன பக்கம் போகாது. விளிம்பிலிருந்து வைக்கோல் எட்டிப் பார்க்கும், நிறுத்தி உள்ளே தள்ள வேண்டும். முடங்கியாற்றில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியது. கரையில் ஒரு பக்கம் மாமரம், ஒரு பக்கம் தென்னை, பின்னால் மலை. இந்தப் பயணத்தில் மிக அழகான இடம் அதுதான். அதன் பாதித் தூரம் நான் முன்சக்கரத்தைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. 36வது கிலோமீட்டரில் முழங்கால் வீங்கிப்போய் மடங்க மறுத்தது. ஒரு மதகின் மேல் உட்கார்ந்தேன். மணி 4.20. போனை எடுத்தேன், உள்ளே வைத்தேன். இதை நாலைந்து முறை செய்தேன். அழுகை வந்தது, அதையும் எழுதிவிடுகிறேன்.

4.40க்கு லோடு ஆட்டோ வந்து நின்றது. முத்தையா இறங்கி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் சைக்கிளைத் தூக்கி டிரேக்களின் மேல் வைத்தார்; பேச்சியம்மா சொல்லி அனுப்பியிருக்க வேண்டும். நானும் ஏறிக்கொண்டேன். ஆகவே என் கணக்கு இதுதான்: காலால் முப்பத்தாறு கிலோமீட்டர், மாங்காயோடு ஆறு.

பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் 5.15க்கு இறங்கினேன். எதிரே எங்கள் கார். கலாவதி ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள். சாவி போட்டபடி இருந்தது. நான் முதலில் சொன்னது, "போன் பண்ணலயே" என்பதுதான். இப்போது நினைத்தால் கூசுகிறது.

அவள் என் தலையிலிருந்த வைக்கோலை எடுத்தாள். "பதினோரு மணிலருந்து வண்டிய விட்டு எறங்கல. சாப்பிடப் போன நேரத்துல நீங்க கூப்பிட்டா ஒடனே வர முடியாதுல்லா," என்றாள்.

நான் காலையிலிருந்து என்னை மட்டுமே சோதிப்பதாக நினைத்திருந்தேன். ஆறு மணி நேரம் அவளையும் கட்டிப்போட்டிருக்கிறேன். பேச்சியம்மாவின் கேள்விக்குப் பதில் அங்கேதான் கிடைத்தது. நான் ஏறாமல் இருந்ததுதான் நட்டம், அதுவும் இவளுக்கு.

போக நினைப்பவர்களுக்குச் சில விவரங்கள். சாரல் காலத்தில் போங்கள், சித்திரை வெயிலில் வேண்டாம். விடியும் முன் கிளம்பிவிடுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டினால் இருபது கிலோமீட்டருக்குக் கடை கிடையாது, மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். டயர் தடிமன் நாற்பது மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது. சீலன்ட் போட்டு மூன்று மாதமாகியிருந்தால் மாற்றிவிடுங்கள். படலைத் தாண்டும்போது சைக்கிளைத் தூக்கிக்கொள்ளுங்கள், பிறகு சாத்திவிட்டு வாருங்கள். மூட்டில் பிரச்சினை இருந்தால் முதல் பதினான்கு கிலோமீட்டர் போதும், திரும்பிவிடலாம்.

மதுரைக்குக் கலாவதிதான் ஓட்டினாள். பின்சீட்டில் சைக்கிளும் இரண்டு கிலோ சப்பட்டையும் கிடந்தன. கிருஷ்ணன்கோவில் தாண்டியதும், விலைக்குக் கேட்டவருக்கு நாளை வந்து எடுத்துக்கொள்ளும்படி செய்தி எழுதினேன். தோற்றது தோற்றதுதானே. அனுப்புவதற்கு முன் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

அவள் சாலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அத அழிங்க. விக்க வேணாம். அடுத்த தடவ டியூப எடுத்துட்டுப் போங்க," என்றாள். கொஞ்ச தூரம் போன பிறகு, "பொறவு, போன் பண்ணுங்க," என்றாள்.