கடைசி பூஷ்கூசு

1974-ல் பிரான்ஸ் முழுவதற்கும் சேர்த்து பூஷ்கூசு என்ற பெயரில் ஒரே ஒரு தொலைபேசிதான் இருந்தது. அது எங்கள் வெர்னுவா கிராமத்தில், ஒதில் வீட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டியிருந்தது. இதை நான் சும்மா சொல்லவில்லை. நெவேர் நகரத்துப் பெரிய தபால் நிலையத்தில் எல்லா மாவட்டத்துத் தொலைபேசிப் புத்தகங்களும் சங்கிலியில் கட்டிக் கிடக்கும். என் விடுமுறையில் இரண்டு நாள் அங்கே நின்று ஒவ்வொன்றாகப் புரட்டினேன். விடுமுறைக்குக் கடற்கரைக்குப் போகாமல் இதைச் செய்தவள் என்று என்னைப் பற்றி யார் என்ன நினைத்தாலும் எனக்குக் கவலையில்லை.

பூஷ்கூசு என்றால் தைத்த வாய். இப்படி ஒரு பெயரோடு பள்ளிக்கூடம் போவது என்ன பாடு என்று கேட்க வேண்டாம். நானும் ஒதிலும் ஒரே பெஞ்சு. ஒன்பது வயதில் ஒருவன் அவள் உதட்டுக்கு நேராக ஊசி பிடிப்பதுபோல் விரலை நீட்டினான். அவள் தன் மரச்செருப்பைக் கழற்றி அவன் காதோடு வைத்துக் கொடுத்தாள். அவளைப் போல் ஓயாமல் பேசும் பெண்ணை இந்த மலைப்பக்கம் கண்டதில்லை. பெயருக்கும் அவளுக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் அப்போது நினைத்தேன்.

அவள் அப்பாவுக்கு நான்கு பெண்கள். மூன்று பேர் கல்யாணம் செய்துகொண்டு மூன்று வேறு பெயர்களுக்குள் போய்விட்டார்கள். மிச்சம் ஒதில். அப்பா போனபிறகு முப்பது வெள்ளை மாடுகளையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். மாட்டுச் சந்தையில் பேரம் முடிந்ததும் ஆண்கள் உள்ளங்கையில் அடித்துக்கொள்வார்கள். அவளும் அடிப்பாள். வியாபாரிகள் அப்புறம் கையை உதறிக்கொள்வதை நான் பார்த்திருக்கிறேன்.

மரம் அறுக்கும் பட்டறையில் வேலை செய்த ஃபிர்மேன் ரொலோ அவளை மூன்று வருடமாகக் கல்யாணத்துக்குக் கேட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கும் அவன் என்றால் உயிர். ஆனால் பதில் ஒன்றுதான். "வீட்டுக்கு வா. சாப்பிடு. தங்கு. கல்யாணம்னு மட்டும் பேசாத. நான் ரொலோ ஆனா இங்க பூஷ்கூசு செத்துச்சு." ரொலோக்களுக்கு எங்கள் ஊரில் பஞ்சமே இல்லை. கண்ணை மூடிக்கொண்டு கல்லை எறிந்தால் ஒரு ரொலோ மேல்தான் விழும். மேயரே ரொலோதான், ஃபிர்மேனின் சித்தப்பா அன்செல்ம். அவருக்குக் கீழே ஊராட்சி அலுவலகத்தில் செயலாளராக இருந்தவள் நான், ரெமோந்த்.

அந்த நவம்பரில் ஒதிலுக்கு ஏழாம் மாதம். பதினோராம் தேதி, வழக்கம்போல் போர் நினைவுத் தூணுக்கு முன்னால் ஊர் கூடியது. முதல் உலகப் போரில் இறந்தவர்கள் பெயரை மேயர் ஒவ்வொன்றாக வாசிப்பார். பள்ளிப் பிள்ளைகள் ஒரே குரலில், "பிரான்சுக்காக உயிர் கொடுத்தார்" என்று பதில் சொல்ல வேண்டும். பூஷ்கூசு இசிதோர், பூஷ்கூசு பிலிபேர், பூஷ்கூசு லெயோன். மூன்று பேரும் கூடப்பிறந்தவர்கள். நான்காமவன், ஒதிலின் தாத்தா, ஒரு கால் குட்டை என்பதால் தப்பித்தான். முதல் பெயருக்கே பிள்ளைகள் கிளுக்கென்று சிரித்துவிட்டார்கள். மூன்றாவதற்கு வாத்தியாரே கைக்குட்டையை எடுத்து வாயை மூடிக்கொண்டார். ஒதில் வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றாள். அன்று அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கு அதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. அலுவலகம் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை திறந்திருக்கும். இரண்டு அடிக்கும்போது அவள் உள்ளே வந்து, என் மேசைக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். கையில் ஒரு கூடை. கூடையில் துணி சுற்றிய பன்றிக்கொழுப்பு அப்பம்.

"வயித்துல இருக்கறது என் பிள்ளைன்னு எழுது ரெமோந்த். நான் கையெழுத்துப் போட்டுட்டுப் போறேன்."

சட்டம் அப்போது இப்படி இருந்தது. கல்யாணம் ஆகாதவர்களின் குழந்தைக்கு, யார் முதலில் வந்து 'இது என் குழந்தை' என்று பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார்களோ அவர்கள் பெயர். இருவரும் சேர்ந்து சொன்னால் அப்பா பெயர். குழந்தை பிறக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நான் எழுதலாம், ஆனால் மேயர் கையெழுத்து வேண்டும். மேயரோ கதவு இடுக்கில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார்.

"அதுக்கென்னம்மா அவசரம்? வெள்ளிக்கிழமை வா. இன்னிக்கு எனக்கு ரோட்டுக் கணக்குப் பாக்கணும்" என்றார்.

"பாருங்க. நான் உக்காந்திருக்கேன்."

"பதிவேடு எங்கயோ..."

"ரெமோந்த் முழங்கைக்கு அடியில இருக்கு மேயரய்யா. இங்கேர்ந்தே தெரியுது."

மேயர் உள்ளறைக்குப் போனார். தொலைபேசி சுழற்றும் சத்தம் கேட்டது. தன் அண்ணியிடம், அதாவது ஃபிர்மேனின் அம்மா பெர்த்திடம், அடித்தொண்டையில் பேசினார். சுவர் மெல்லியது. "அவனைப் பட்டறையிலேர்ந்து இழுத்துட்டு வாங்க அண்ணி. அவன் வந்து ஒரு வார்த்தை சொன்னாப் போதும். ரெண்டு பேரும் சேர்ந்து சொன்னதாப் போட்டுடறேன்."

ஒதிலுக்கும் கேட்டது. அப்பத்தைப் பிய்த்து எனக்குப் பாதி கொடுத்தாள். எழுந்திருக்கவில்லை. பட்டறை பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. பெர்த் வண்டி ஓட்டும் லட்சணத்துக்கு இரண்டு மணி நேரம் என்று மனதுக்குள் கணக்குப் போட்டேன். அதற்குள் நான் எழுதியிருக்க வேண்டியதுதானே? வேலை போய்விடுமோ என்று பயந்தேன். உண்மையைச் சொன்னால் என்ன.

மூன்றரை மணிக்கு மேயர் நல்ல உற்சாகத்தோடு வெளியே வந்தார். காத்திருப்பது அவருக்குச் சலித்துவிட்டது போலிருக்கிறது, சீண்ட ஆரம்பித்தார்.

"ஏம்மா, அப்படி என்ன ராஜவம்சத்துப் பேரு அது?"

"எங்க பாட்டன் ஒருத்தர் ராஜா படையில சிப்பாய். எதிரிங்க பிடிச்சு நகத்தப் பிடுங்கினாங்க. கூட இருந்தவங்க எங்க ஒளிஞ்சிருக்காங்கன்னு அவர் வாயத் தொறக்கல. ராஜாவே குடுத்த பேரு. எங்கப்பா சொல்வாரு."

"உங்கப்பா நிறையச் சொல்வாரு. காகிதம் இருக்கா? ரெமோந்த், கோடையில பழைய அலமாரிய ஒழுங்குபடுத்தினியே, பாதிரியாருங்க எழுதின ஞானஸ்நானப் புத்தகமெல்லாம் இருந்துச்சுல்ல? எடு. அந்தச் சிப்பாயப் பாப்போம்."

அதை நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். ஜூலை மாதமே பார்த்துவிட்டு, அவளிடம் சொல்லாமல், அலமாரியை மூடி வைத்திருந்தேன். ஒருத்தி தலை நிமிர்ந்து நடக்கக் காரணமாயிருக்கும் கதையை நான் எதற்கு உடைக்க வேண்டும்? இப்போது மேயர் கையை நீட்டிக்கொண்டு நின்றார். எடுத்துக் கொடுத்தேன். அவர் கண்ணாடியை மூக்கில் ஏற்றி உரக்கப் படித்தார்.

"1743 பிப்ரவரி ஒன்பது. மாவு மில்லில் வேலைக்காரியான ழான் என்பவளுக்குப் பிறந்த ஆண் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தேன். வலி உச்சத்தில் இருக்கும்போது, முறைப்படி, மருத்துவச்சி மூன்று முறை தகப்பன் பெயரைக் கேட்டாள். அவள் வாய் திறக்கவில்லை. ஆகவே குழந்தைக்கு பூஷ்கூசு என்று பெயர் எழுதினேன்."

அந்தக் காலத்து வழக்கம் அது. கல்யாணம் ஆகாத பெண் பிரசவத்தில் துடிக்கும்போது மருத்துவச்சி கையைக் கட்டிக்கொண்டு நிற்பாள். பெயரைச் சொன்னால்தான் கை வைப்பாள். அதற்குப் பெயர் முறையாம். இன்றைக்கும் அந்த வரியை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

"சிப்பாயும் இல்ல, ராஜாவும் இல்ல" என்றார் மேயர். "அப்பன் பேரு தெரியாத பிள்ளைக்குப் பாதிரியார் வேடிக்கையா வச்ச பேரு. இதுக்கா இத்தனை பிடிவாதம்?"

ஒதில் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பினாள். விரலை வைத்து அந்த வரிகளை மெல்லப் படித்தாள். அவள் முகம் வெளுத்துப் போயிருந்தது. இருபத்தெட்டு வருடமாக அவள் மரச்செருப்பால் காப்பாற்றிய சிப்பாய் அந்த நிமிடத்தில் இல்லாமல் போனான். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"மூணு தடவை" என்றாள். "ஒரே ஒரு பேரு. சொல்லியிருந்தா அந்த மருத்துவச்சி கை குடுத்திருப்பா. சொல்லலியே." பிறகு என்னைப் பார்த்தாள். "சிப்பாய் கிடக்கட்டும். எனக்கு இவ போதும். எழுது ரெமோந்த்."

இந்த முறை நான் மேயர் முகத்தைப் பார்க்கவில்லை. பேனாவை மையில் தோய்த்து எழுதத் தொடங்கினேன். தேதி, மணி நான்கு பத்து, பெயர் ஒதில் மரி பூஷ்கூசு. அந்த வரியில் இருக்கும்போது வாசலில் வண்டி வந்து நின்றது.

பெர்த் முதலில் நுழைந்தாள், மகனை முன்னால் தள்ளிக்கொண்டு. ஃபிர்மேன் தலையெல்லாம் மரத்தூள். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். ஒதிலைப் பார்த்தான். அவள் அவனைப் பார்த்து ஒன்றும் கேட்கவில்லை. கெஞ்சும் வழக்கம் அவளுக்குக் கிடையாது. அவன் ஒரு வார்த்தை சொன்னால் முடிந்தது. அவன் நல்லவன், தன் பிள்ளையைத் தன்னுடையது இல்லை என்று சொல்ல அவனால் முடியாது. நான் எழுதிக்கொண்டே இருந்தேன்.

"ஃபிர்மேன்" என்றார் மேயர். "இந்தக் குழந்தைக்கு அப்பன் யாரு?"

அவன் தொப்பியைச் சுழற்றினான்.

"டேய், உன்னத்தான் கேக்கறேன். அப்பன் யாரு?"

"வாயத் தொறடா" என்று பெர்த் அவன் விலாவில் இடித்தாள். "உங்கப்பன் பேரு, உன் தாத்தன் பேரு. உனக்கு வெக்கமா இல்ல? ஊரே சிரிக்கும்."

அவன் கழுத்து சிவந்துபோனது.

"கடைசியாக் கேக்கறேன்" என்றார் மேயர். "நீதான் அப்பன்னா ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லு."

ஃபிர்மேன் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். அந்த ஞானஸ்நானப் புத்தகத்தை அவன் பார்த்ததில்லை. ழான் என்று ஒருத்தி இருந்ததே அவனுக்குத் தெரியாது. ஒதில் தன் இரண்டு கைகளாலும் நாற்காலியின் கையை இறுகப் பிடித்திருந்தாள்.

நான் பதிவேட்டை அவள் பக்கம் திருப்பினேன். அவள் கையெழுத்துப் போட்டாள், காகிதம் கிழியும் அளவுக்கு அழுத்தி. மேயர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் போட மாட்டேன்" என்றார்.

"சரி" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. "மணி நாலு பத்துன்னு மையில எழுதியாச்சு. இந்த வரிய அடிச்சுவிட்டா, ஏன் அடிச்சேன்னு வருஷக் கடைசியில கோர்ட்டுக்கு எழுதணும். நான் நடந்தத நடந்தபடிதான் எழுதுவேன். தொலைபேசியையும் சேர்த்து."

மேயர் என் கையிலிருந்து பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மை காய்ந்ததும் ஃபிர்மேன் மேசைக்கு முன்னால் வந்தான். "இப்ப அடுத்த வரியில எழுதும்மா ரெமோந்த். அப்பன் நான்தான்."

"மூணு தடவை கேட்டேனேடா" என்றார் மேயர்.

"காது கேட்டுச்சு சித்தப்பா" என்றான் ஃபிர்மேன்.

ஒதில் அப்போதுதான் அழுதாள். பெர்த் அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு வருடம் அவள் அந்த வீட்டுப் படி மிதிக்கவில்லை, பிறகு மிதித்தாள். கல்யாணம் ஆகாமல் சேர்ந்து வாழ்கிறாள் என்று பாதிரியார் ஒதிலுக்குக் கடைசிவரை பூசையில் நற்கருணை அப்பம் கொடுக்கவில்லை. அவள் ஒவ்வொரு ஞாயிறும் முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். அவர்கள் இருவரும் கல்யாணம் செய்துகொள்ளாமல் நாற்பத்தோரு வருடம் ஒரே கூரைக்குக் கீழே சண்டை போட்டுக்கொண்டு வாழ்ந்தார்கள்.

ஜனவரியில், நெவேர் ஆஸ்பத்திரியில் குழந்தை பிறந்தது. மார்ச்சில், கைக்குழந்தையோடு ஒதில், பெற்றவர்கள் பெயரும் பிள்ளை பெயரும் எழுதித் தரும் குடும்பப் புத்தகம் வாங்க அலுவலகத்துக்கு வந்தாள். அதிலும் மேயர் கையெழுத்து வேண்டும். அவர் புத்தகத்தைத் திறந்து பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது.

"பொண்ணுதானே! அட, இதுக்கா அத்தனை ஆட்டம்? நாளைக்கு இவ ஒருத்தனைக் கட்டிக்கிட்டுப் போனா பேரு போச்சேம்மா. பொண்ணோட முடிஞ்சிது."

ஒதில் குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

"பொண்ணோட ஆரம்பிச்ச பேருதானே மேயரய்யா" என்றாள். "மறந்துட்டீங்களா? நீங்கதான் படிச்சீங்க."

மேயர் குனிந்து புத்தகத்தில் இருந்த பெயரை மறுபடி பார்த்தார். பூஷ்கூசு, ழான். கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.