டோரத்தியை விட்ட கதை: குரோய்டனுக்குப் பக்கத்தில் ஒரு நாள் தூண்டில்

இந்தப் பயணம் போனது செப்டம்பர் கடைசிச் சனிக்கிழமை. பதிவு வருவது இப்போதுதான். காரணம் என் சோம்பல் இல்லை (இந்த முறை மட்டும்). அத்தான் எழுத விடவில்லை. "ஒண்டும் எழுதிப்போடாதை, பிள்ளை. என்ர அலுவல் முடியட்டும்" என்று மறித்துவிட்டார். போன வியாழக்கிழமைதான் அனுமதி கிடைத்தது. அப்பாடா என்று மூச்சு விட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

குணம் அத்தான் என் அக்காவின் கணவர். யாழ்ப்பாணத்திலிருந்து ஜெர்மனிக்குப் போய், இருபது வருடத்துக்கு மேல் அங்கே இருந்து, பிள்ளைகளின் படிப்புக்காக லண்டனுக்கு வந்தவர். இப்போது ஒரு பேக்கரியில் இரவு ஷிப்ட். இந்தப் பயணத்துக்கு ஏழு மாதம் முன்பு பிரிட்டிஷ் குடியுரிமைக்கு விண்ணப்பம் போட்டார். "நன்னடத்தை" பார்ப்பார்கள் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து மனிதர் சிவப்பு விளக்கில் ஒற்றைக் கார்கூட இல்லாத வீதியையும் கடக்க மாட்டார். சூப்பர் மார்க்கெட்டில் அடுத்தவர் விட்டுப்போன டிரொலியையும் கொண்டுபோய் இடத்தில் வைப்பார். பொலிஸ் கார் தூரத்தில் தெரிந்தால் கைகளைச் சட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்கு மீன்பிடி ஆசை வந்தது கனடாவால். எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் டொரொண்டோவில் இருக்கும் பெரியப்பா மகன் சேகர் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு படம் போடுவான். பக்கத்து ஏரியில் பிடித்த பாஸ் மீன், அகல வாயோடு. பின்னால் அவனுடைய பல். அத்தான் அந்தப் படங்களைப் பார்த்துப் பார்த்துப் பொருமினார். "நான் ஜெர்மனியில சோதினை எழுதி மீன்பிடிக் கார்ட் எடுத்தனான். உவன் எனக்குப் படம் காட்டுறான்." அங்கே அது உண்மையாகவே எழுத்துப் பரீட்சை. அத்தான் வாழ்க்கையில் பாஸ் பண்ணிய எதையும் விட அதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்.

முதலில் ஒரு ஏமாற்றம். இங்கிலாந்தில் பாஸ் கடல்மீன். ஏரியில் கிடையாது. லண்டன் குளங்களில் அதற்குக் கிட்டத்தட்டச் சொந்தம் கொண்டாடக்கூடியது பேர்ச் என்கிற வரிபோட்ட சிறு மீன். முதுகில் முள், வயிற்றுப் பக்கம் சிவப்புச் செட்டை. அதைவிடப் பெரிதாக வேண்டுமென்றால் கார்ப். "எது எண்டாலும் பரவாயில்லை, சேகரின்ர வாயை அடைக்க வேணும்" என்றார் அத்தான். துணைக்கு நான். ஒரு நாள் பயணங்களை எழுதுகிறவள் என்பதாலும், இணையத்தில் டிக்கெட் போடத் தெரிந்தவள் என்பதாலும்.

இங்கே தூண்டில் போட லைசென்ஸ் வேண்டும். ஒரு நாளைக்கு ஏழு பவுண்டுக்குக் கொஞ்சம் மேல். இணையத்தில் ஐந்து நிமிட வேலை. அதைத் தவிர ஏரிக்காரருக்கு ஒரு நாள் கட்டணம், எங்கள் ஏரியில் பன்னிரண்டு பவுண்டு. நான் பார்க்க வந்தவள் என்பதால் இரண்டும் அத்தானுக்கு மட்டும். அவர் என்னிடம் மூன்று தரம் கேட்டார், "லைசென்ஸ் சரியா விழுந்திருக்கோ?" மூன்றாம் தரம் அச்செடுத்துக் கொடுத்தேன். அதை ஒரு பிளாஸ்ரிக் உறையில் போட்டு நெஞ்சுப் பையில் வைத்துக்கொண்டார். ஏரியின் விதிகள் மூன்று பக்கம் வந்தன. வாங்க வேண்டிய சாமான்கள் வரைக்கும் வாசித்தேன்: மறுமுள் இல்லாத தூண்டில் முள் (குரோய்டன் கடையில் மூன்று பவுண்டு), பிடி வைத்த வலை, மீனைக் கிடத்த ஒரு மெத்தை விரிப்பு. மீதியை அத்தானுக்கு அனுப்பினேன். அத்தானோ சோதனை பாஸ் பண்ணியவர். அவர் எதற்கு வாசிக்கப்போகிறார்?

காலை ஆறு ஐந்துக்கு ஈஸ்ட் குரோய்டனில் டிராம். கட்டணம் ஒரு பவுண்டு எழுபத்தைந்து. இருபத்தைந்து நிமிடப் பயணம், அதற்குப் பிறகு ஒன்றரைக் கிலோமீற்றர் நடை. சனிக்கிழமை விடியலில் தூண்டில் தடிகளோடு டிராமில் ஏறினால் இரவு முழுக்க ஆடிவிட்டு வீடு திரும்பும் இளசுகள் உங்களுக்கு இடம் விட்டுத் தருவார்கள் என்பதை அன்றுதான் அறிந்தேன். அக்கா இடியப்பமும் சம்பலும் கட்டித் தந்திருந்தாள். கூடவே ஒரு பெரிய ஐஸ் பெட்டி. "புளி கரைச்சு வைக்கிறன். வெறுங்கையோட வந்திடாதேங்கோ" என்று வாசலில் நின்று கட்டளை.

ஏரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன். சுற்றி நடக்க இருபது நிமிடம் ஆகும் அளவு. கரையெல்லாம் வில்லோ மரங்களும் நாணலும், நடுவில் மரம் அடர்ந்த ஒரு திட்டு, கரையோரம் மரப்பலகை அடித்த சிறு மேடைகள். ஏழு மணிக்குக் கதவு திறந்தார்கள். எங்களோடு மூன்று வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு வீட்டைக் காலி பண்ணியது போலத் தள்ளுவண்டியில் சாமான். கட்டில்கூட இருந்தது.

அத்தான் பரபரப்பில்லாமல் வேலையைத் தொடங்கினார். பேக்கரிப் பாணைப் பிய்த்து, பெருஞ்சீரகத் தூள் தூவி, தண்ணீர் தெளித்துப் பிசைந்து உருண்டை பிடித்தார். தங்கூசி என்கிற நைலோன் நூலில் முள்ளைக் கட்டிய முடிச்சைப் பல்லால் இழுத்துப் பார்த்தார். வீட்டில் ரிமோட்டைத் தேடி அலைகிற அதே மனிதர் என்று நம்ப முடியவில்லை.

எட்டரைக்கு ஏரிக் காவலர் வந்தார். கெவின் என்று பெயர், அறுபது வயது இருக்கும், பளிச்சென்ற மஞ்சள் ஜக்கெட். ஜக்கெட்டைக் கண்டதும் அத்தான் எழுந்து நின்றார், பள்ளிக்கூடத்தில் அதிபர் வந்ததுபோல. கெவின் "காலை வணக்கம்" என்று முடிப்பதற்குள் உறையிலிருந்த லைசென்ஸ், ஜெர்மன் பாஸ்போட், போனில் குடிவரவுப் பதிவு எல்லாவற்றையும் நீட்டிவிட்டார்.

"ஐயா, எனக்கு லைசென்ஸ் மட்டும் போதும்" என்றார் கெவின், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "மீனுக்கு பாஸ்போட் தேவையில்லை."

அவர் நிற்கும்போதே முதல் பேர்ச் விழுந்தது. உள்ளங்கை நீளம். அத்தான் அளவுநாடாவை வைத்துப் பார்த்து, சின்னது என்று தண்ணீரில் விட்டார். கெவின் திருப்தியாகத் தலையாட்டிவிட்டுப் போனார். இரண்டாவதும் சின்னது, அதுவும் தண்ணீருக்குப் போனது. பிறகு பதினொன்றரை வரை ஒன்றுமில்லை. நான் இடியப்பத்தை முடித்துவிட்டு, இது ஒரு விளையாட்டா என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது தடி வளைந்தது. அத்தான் எழுந்து தடியை இறுகப் பிடித்தார். நூல் திட்டைப் பார்த்து ஓடியது, திரும்பி வந்தது, நாணலுக்குள் போகப் பார்த்தது. இருபது நிமிடம் இருக்கும். கடைசியில் வலையை நான்தான் பிடித்தேன், முழங்கால் நனைய. தூக்க முடியவில்லை. இருவருமாக இழுத்து மெத்தையில் கிடத்தினோம். வெண்கலத் தாம்பாளம் போல மின்னியது, ஒரு கைக்குழந்தையைவிடப் பாரம். தோளருகே பெரிய செதில்கள் மூன்று தனியாகப் பளபளத்தன.

இந்த இடத்தில் ஜெர்மனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அங்கே மீனைப் பிடித்து, படம் எடுத்து, வேடிக்கைக்காகத் திரும்ப விட்டால் அது மிருக வதை. அளவான மீனைப் பிடித்தால் உடனே தலையில் ஒரே அடி, நோகாமல் கொன்று, கொண்டுபோய்ச் சமைக்க வேண்டும். அதைத்தான் அத்தான் படித்தார், அதற்குத்தான் பரீட்சை. இங்கே எங்கள் ஏரியில் சட்டம் நேரெதிர்: எல்லா மீனும் உயிரோடு தண்ணீருக்குத் திரும்ப வேண்டும். அது நான் வாசிக்காத இரண்டாம் பக்கத்தில் இருந்தது.

அத்தான் ஈரத்துணியால் மீனின் கண்ணை மூடினார். பையிலிருந்து முழ நீளக் கட்டை ஒன்றை எடுத்தார். எனக்கு அதைப் பார்க்கத் தைரியமில்லை, முகத்தைத் திருப்பினேன். திருப்பியதால்தான் பார்த்தேன்: கரையோரமாகக் கெவின் இரண்டு கையையும் வீசிக்கொண்டு ஓடி வந்தார். "வேண்டாம்! அவளை வேண்டாம்!"

"அத்தான், நில்லுங்கோ! அடியாதேங்கோ!" என்று கத்தினேன்.

கட்டை காற்றில் நின்றது.

கெவின் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். கட்டையையும் ஐஸ் பெட்டியையும் பார்த்தார். அவருடைய முகத்திலிருந்த சிரிப்பெல்லாம் போய்விட்டது. நான் ஜெர்மனிச் சட்டத்தை அவசர அவசரமாக ஒப்புவித்தேன். அவர் கேட்டாரா தெரியாது. வாளித் தண்ணீரை மீன் மேல் ஊற்றிக்கொண்டே சொன்னார்: "இவள் பெயர் டோரத்தி. என் மகளைவிட மூத்தவள். இங்குள்ள மீனெல்லாம் ஏரிக்காரருடைய சொத்து. இவள் செத்தால் நான் பொலிசுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். எனக்கு வேறு வழியில்லை."

பொலிஸ் என்ற சொல் ஒன்றுதான் அத்தானின் காதில் விழுந்திருக்கும். முகம் சுண்டிவிட்டது. "ஏழு மாசம் நல்ல பேரைப் பொத்திப் பொத்தி வைச்சனான், வாணி" என்றார் மெதுவாக. "ஒரு மீனால போகப்போகுது."

கெவின் அவரைத் தண்ணீரில் இறங்கச் சொன்னார். மீனை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், வயிற்றுக்குக் கீழே ஒரு கை, வாலடியில் ஒரு கை. அத்தான் சப்பாத்தோடே இறங்கினார். டோரத்தி சரிந்து சரிந்து விழுந்தாள். செவுள் அசைகிறதா இல்லையா என்று தெரியவில்லை. "விடாதே, பிடித்துக்கொண்டே இரு. அவளே சொல்வாள்" என்றார் கெவின்.

"ஆர்ச்வே கோயில் முருகா, ஒரு தேங்காய் உடைக்கிறன். போகட்டும், இதைப் போகவிடு" என்று அத்தான் வாய்விட்டே கும்பிட்டார்.  என் கையோ பதிவு எழுதுகிறவளின் கை அல்லவா, போனைத் தூக்கி ஒரு படம் எடுத்துவிட்டது.

வால் ஒருமுறை அசைந்தது. பிறகு இன்னொருமுறை. பிறகு படாரென்று ஒரு அடி, அத்தானின் தலை முதல் கால் வரை தண்ணீர். பார்த்தால் அவருடைய இரண்டு கையும் வெறுமையாக இருந்தன. நாணல் ஓரத்தில் ஒரு நீண்ட கலக்கல் மட்டும் தெரிந்தது.

நான் புல்லில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அத்தான் தண்ணீருக்குள் நின்று அழுதார். கெவின் கரையிலிருந்து கை கொடுத்து அவரை மேலே இழுத்தார்.

"இங்கே பலர் வருடக்கணக்காக அவளுக்காகக் காத்திருக்கிறார்கள். என்ன போட்டுப் பிடித்தாய்?"

"பாணும் பெருஞ்சீரகமும்" என்றார் அத்தான், ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்வது போல. கெவின் விழுந்து விழுந்து சிரித்தார். "கட்டையை வீட்டில் வைத்துவிட்டு அடுத்த மாதம் திரும்பி வா" என்றார்.

திரும்பும் டிராமில் அத்தானின் சப்பாத்திலிருந்து தண்ணீர் வடிந்தது. ஏறி இரண்டாவது தரிப்பில் சொன்னார். "முப்பது வருசமா ஒவ்வொரு நாட்டிலயும் ஜக்கெட் போட்டவன் என்னட்டைச் சொன்னது ஒண்டுதான், பிள்ளை. திரும்பிப் போ. இண்டைக்குத்தான் ஒருத்தன் திரும்பி வா எண்டு சொல்லியிருக்கிறான்." அடுத்த தரிப்பில், "நீ எடுத்த படத்தை அழிச்சுப்போடு. அது சாட்சி" என்றார். ஓம் என்றேன். அழிக்கவில்லை.

கரைத்து வைத்த புளிக்கு வழி? குரோய்டன் மீன்கடையில் இரண்டு பாஸ் வாங்கினோம், கடல் பாஸ், பதினான்கு பவுண்டு.  மீனின் வயிறு ஏற்கனவே சுத்தமாகக் கீறியிருந்ததை அக்கா ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: விதிகளை மூன்றாம் பக்கம் வரை வாசியுங்கள். ஐரோப்பாவில் எந்த நாட்டில் எந்தச் சோதனை பாஸ் பண்ணியிருந்தாலும் இங்கே புதிதாகப் படியுங்கள். ஐஸ் பெட்டி கொண்டுபோகாதீர்கள், அதைப் பார்த்தாலே சந்தேகம். பல ஏரிகள் வருடம் முழுக்கத் திறந்திருக்கும். ஆறுகளில் மார்ச் நடுவிலிருந்து ஜூன் நடுவரை தூண்டில் போட முடியாது. மாற்றுச் சப்பாத்து அவசியம். ஒரு ஆளுக்கு எல்லாமாக முப்பது பவுண்டுக்குள் முடிந்துவிடும். ஏரியின் பெயரைச் சொல்லாததற்குக் காரணம் கெவின். "டோரத்தியைப் பற்றி எழுது, ஆனால் ஊரெல்லாம் பாணோடு வந்து நிற்கப் பண்ணாதே" என்று கேட்டுக்கொண்டார். நியாயம்தானே.

போன வியாழக்கிழமை மதியம் நான் வேலையில் நிற்கும்போது அத்தானிடமிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. அலுவல் முடிந்ததா, குடியுரிமை கிடைத்ததா, ஒரு சொல் இல்லை. "வாணி, அந்தப் படம் இருக்கெண்டு எனக்குத் தெரியும். அனுப்பு."

அனுப்பினேன். ஒரு நிமிடத்தில் அது குடும்பக் குழுவில் விழுந்தது: இடுப்பளவு தண்ணீரில், பயந்த முகத்தோடு, டோரத்தியை இரண்டு கையாலும் ஏந்தியபடி குணம் அத்தான். கீழே ஒரு வரி. "சேகர், இது எங்கட நாட்டு மீன்."