பிரேக் இல்லாமல் தாண்டிய கணவாய்

"...உப்பைக்கூட கடையில வாங்கித் திங்கிற ஊரு. இங்க எவன் இருப்பான்?" என்று முடித்தார் மாமா.

முடித்தபோது அவர் இடது முட்டியிலிருந்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. சட்டை முழுக்க உன்னிச்செடியின் முள். ஒரு காலில் செருப்பு இல்லை. எதிரில் நின்று கேட்டுக்கொண்டிருந்தது என் அக்கா, அதாவது அவர் பெண்டாட்டி. அவளைத் திரும்ப வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகத்தான் மரக்காணத்திலிருந்து நானும் அவரும் சைக்கிள் மிதித்து வந்திருந்தோம். கெஞ்ச வந்த மனுசன் வாயைத் திறந்ததும் ஊரைத் திட்டுகிறார். ஊர் ஊராகப் போய்ப் பகை சம்பாதிக்க அவருக்கு அந்த ஒரு வாய் போதும்.

சுனாமி அலை வந்துவிட்டுப் போன மறுமாசமே அக்கா கிளம்பிவிட்டாள். கடலும் நம்ம வாசலும் ஒரே மட்டத்தில் இருக்கிறது, இனிமேல் அந்த வீட்டில் எனக்குக் கண் மூடாது என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் இரண்டையும் கூட்டிக்கொண்டு எங்கள் சித்தி வீட்டுக்குப் போனாள். சித்தி இருப்பது செங்கத்துக்கு அந்தாண்டை, மலையைத் தாண்டி. மாமா போய்த் தடுக்கவில்லை. டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, அலை ஒருமுறை எட்டிப் பார்த்ததற்கே மலையேறி ஒளிகிறாள், நாளைக்கு மழை பெய்தால் வானத்துக்குப் போவாளா என்று நக்கலடித்தார். எல்லாரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு ராத்திரி சாப்பாட்டுக்கு எங்கள் வீட்டுக்கு வந்து, என் பெண்டாட்டி வைத்த குழம்பையும் நக்கலடித்தார். அப்போதுதான் அவள் என்னிடம், "முதல்ல உங்க அக்காவ கூட்டிக்கினு வாங்க, இல்ல இந்த ஆளை அங்க கொண்டுபோய் விடுங்க" என்றாள்.

இரண்டாயிரத்து ஐந்து, மாசி மாசம். உப்புப் பாத்தியெல்லாம் சேறு ஏறிக் கிடந்தது, வேலை கிடையாது. மாமாவுக்கு பஸ் ஆகாது, டீசல் வாடை பட்டாலே வாந்தி. அதனால் சைக்கிள். எனக்கும் ஒரு ஆசை இருந்தது. பள்ளிக்கூடம் பக்கம் அதிகம் போகாத நான், பொட்டலம் மடித்து வந்த பேப்பரைப் படித்தே வளர்ந்தவன். அதில் ஒருநாள் அந்த மலைக் கணவாயைப் பற்றி எவனோ எழுதியிருந்தான். கண்ணுக்கு விருந்து, மனசுக்கு மருந்து என்று இருந்தது. எழுதினவன் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு போயிருப்பான் என்று எனக்கு அப்போதே சந்தேகம். மிதித்து ஏறினவனாக இருந்தால் முழங்காலைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருப்பான்.

எங்கள் ஊர் சைக்கிளைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். உப்பளத்துக்குப் போகிற சைக்கிளில் பிரேக் இருக்காது. உப்புத்தண்ணி பட்டுப் பட்டு கம்பி துருவேறி, பிரேக் கட்டை சக்கரத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஓடுகிற வண்டி நின்றுபோகும். அதனால் புது சைக்கிள் வாங்கினால் முதல் வேலையாகப் பிரேக்கைக் கழற்றிப் பரணில் போடுவோம். நிறுத்த வேண்டுமென்றால் செருப்புக்காலைத் தரையில் தேய்ப்போம். எங்கள் பக்கம் பூமி பலகை போட்டு இழுத்த மாதிரி இருக்கும். மிதிக்காமல் விட்டாலே வண்டி தானாக நின்றுவிடும். இது ஒரு குறை என்று எங்களில் யாருக்கும் தோன்றியதே இல்லை.

செஞ்சியில் டீ குடிக்க நின்றோம். நான் கோட்டை மலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்கார அம்மா, "அது எங்கயும் ஓடிடாதுப்பா, டீ ஆறுது பாரு" என்றாள். எனக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துவிட்டது. மாமாவுக்கு மலையே பிடிக்கவில்லை. கல்லைக் கொட்டி வைத்திருக்கிறார்கள், அள்ளத்தான் ஆள் வரவில்லை என்றார்.

திருவண்ணாமலையில் ஒரு சத்திரத்தில் படுத்துவிட்டு மறுநாள் செங்கம் போனோம். அங்கே காற்றடிக்க நிறுத்தினபோது, சைக்கிள் கடைக்காரர் இரண்டு வண்டியையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஏம்பா, பெல்லு இருக்குது, பிரேக்கு இல்லியே. எல்லாரும் ஒதுங்கிக்கோங்கன்னு சொல்லிட்டே போவீங்களா?"

பிரேக் போட்டுக்கொள்ளலாம் என்று நான் சொன்னேன். மாமா ஒரு பார்வை பார்த்தார். உப்பு மூட்டையை ஏற்றிக்கொண்டு ஒரு முழ வரப்பில் போகிறவனுக்கு இவ்வளவு அகல ரோட்டில் பிரேக்கா, கடைக்காரன் பிழைக்கத் தெரிந்தவன், நீ ஏமாறத் தெரிந்தவன் என்றார்.

பெரிய ரோட்டை விட்டுப் பிரிந்து, சித்தி ஊருக்குப் போகிற குறுக்குக் கணவாயில் ஏறத் தொடங்கினோம். கொஞ்ச தூரம் மிதித்தோம். அப்புறம் இறங்கித் தள்ளினோம். அதற்கப்புறம் சைக்கிள்தான் எங்களைப் பின்னால் இழுத்தது. இரண்டு பக்கமும் மலை, சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது. நடுவில் ரோடு, யாருக்கும் பரிந்து பேசாமல் நழுவி நழுவிப் போனது. அழகாகத்தான் இருந்தது. எங்கள் ஊரில் எதைப் பார்த்தாலும் ஒரே பார்வையில் முடிந்துவிடும். இங்கே ஒரு வளைவு திரும்பினால் பார்த்ததெல்லாம் ஒளிந்துகொண்டு வேறு ஒன்று வருகிறது. இதை மாமாவிடம் சொன்னேன். மூச்சு வாங்கிக்கொண்டே, ஒழுங்கான ஊராக இருந்தால் எதற்கு ஒளிய வேண்டும் என்றார்.

உச்சியில் ஒரு காரை நிறுத்திவிட்டு டவுன் ஆட்கள் நாலு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் மாமாவைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொன்னார், பின்னால் மலை மறைகிறதாம். சைக்கிளைத் தள்ளியே மலையேறினவன் வியர்வையில் நனைந்து நிற்கிறான், காரில் வந்தவர்களுக்கு அவன் குறுக்கே நிற்கிற புதர். எனக்கு எரிச்சலாக வந்தது. மாமா சொன்னபடியே தள்ளி நின்றார். அந்த இடத்திலிருந்து கீழே சித்தி ஊர் தெரிந்தது. நாலைந்து ஓட்டு வீடு, ஒரு கிணறு, சுற்றிலும் கேழ்வரகு. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இனிமேல் தள்ளிக்கொண்டே இறங்கலாம் என்றேன். சரி என்று சொல்லியிருப்பார். ஆனால் அந்த டவுன் ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். அது போதாதா? லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்துவிட்டார்.

முதல் வளைவு வரைக்கும் ராஜா மாதிரி போனார். அதன் பிறகு செருப்புக்காலைத் தேய்க்கிற சத்தம் கேட்டது. ரப்பர் கருகுகிற நாற்றம் என் வரைக்கும் வந்தது. அப்புறம் பெல் சத்தம், விடாமல். கடைசியில் அதுவும் நின்றது. நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஓடிப் போய்ப் பார்த்தபோது, வளைவுக்குப் பக்கத்து உன்னிப்புதரில் இரண்டு கால் மட்டும் வெளியே தெரிந்தது. உயிர் இருக்கிறதா என்று நான் பதறிக்கொண்டிருக்க, உள்ளேயிருந்து குரல் வந்தது.

"ரோடு போட்டவனுக்கு மட்டம் பார்க்கத் தெரியல."

இழுத்து வெளியே போட்டேன். மிச்ச மலையை ஒற்றைச் செருப்போடு, கோணிப்போன சைக்கிளைத் தள்ளிக்கொண்டே இறங்கினார். வழியெல்லாம் அந்த ரோட்டையும், அதைப் போட்டவனையும், போடச் சொன்னவனையும் திட்டினார். அக்காவிடம் என்ன பேசப் போகிறார் என்று கேட்டேன். குனிந்து சட்டையில் ஒட்டின ஒரு முள்ளைப் பிடுங்கினார்.

இப்படித்தான் சித்தி வீட்டு வாசலுக்கு வந்து சேர்ந்தோம், இப்படித்தான் வந்ததும் ஊரைத் திட்டினார். பிள்ளைகள் அவரைப் பார்த்ததும் ஓடி வந்து, ரத்தத்தைப் பார்த்து பாதியில் நின்றுவிட்டார்கள். சித்தி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையை இழுத்துக்கொண்டாள். இனி அக்கா பதிலுக்குப் பதில் பேசுவாள், இவர் விடமாட்டார், வந்த காரியம் வாசலிலேயே முடிந்தது என்று நினைத்தேன்.

அக்கா சண்டைக்கு வரவில்லை. அவர் முட்டியைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள்.

"ஊரு நல்லால்லதான். ஆனா இங்க நான் ராத்திரி தூங்குறேன்" என்றாள். "நீங்க அங்க தூங்குறீங்களா?"

மாமா வாயைத் திறந்தார். எதையாவது நக்கலாகச் சொல்வார் என்று நானும் காத்திருந்தேன். நான் அறிந்து அந்த வாய் திறந்து சும்மா மூடினது அன்றைக்குத்தான். அலைக்குப் பிறகு அவர் விடியவிடிய வாசலில் பீடியோடு உட்கார்ந்திருப்பதை எதிர்வீட்டுக்காரர் எனக்குச் சொல்லியிருந்தார், அக்காவுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

அவர் நொண்டிக்கொண்டே போய்க் கிணற்றுக் கட்டைச்சுவரின் மேல் ஏறி நின்றார். நாலு பக்கமும் ஒருமுறை நிதானமாகத் திரும்பிப் பார்த்தார். மலை, கேழ்வரகு, மறுபடியும் மலை. கடல் எந்தப் பக்கமும் இல்லை. பிறகு இறங்கினார். முள் ஒட்டின சட்டையைக் கழற்றி, ஒரு வாளித் தண்ணீர் இறைத்து அலசிப் பிழிந்து, அக்காவின் புடவை காய்ந்துகொண்டிருந்த கொடியில், அதற்குப் பக்கத்திலேயே விரித்துப் போட்டார்.